ஆளில்லாத டிரம்ஸ்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இலங்கை மலைநாட்டில், லிந்துலையில் வாத்தியாராக இருந்தவன் இப்படியொரு பேய்க்கதை சொல்லலாமா என்று நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள். பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு ஹெவி மெட்டல் குழு இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஹெவி மெட்டலா என்று கேட்காதீர்கள். மாதா கோயிலில் கிட்டார் பழகிய சேவியர் பாடுவான், நான் பேஸ் கிட்டார், மணியம் டிரம்ஸ். ஒத்திகை தொடங்கினால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்களெல்லாம் மலையேறிவிடும், அவ்வளவு சத்தம், அவ்வளவு சந்தோஷம். கொழும்புக்குப் போய் ஒரே ஒரு பாட்டைப் பதிவுசெய்து கேசட்டாகக் கொண்டுவந்தோம், அதற்கு ஒரு வீடியோவும் எடுப்பதாக இருந்தோம். அந்த மாதமே, இரு நாட்டு ஒப்பந்தப்படி, மணியத்தின் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் நகரும்போது, "வீடியோ எடுக்கையில என்னைய வுட்றாதீங்கடா" என்று அழுதுகொண்டே கத்தினான்.

அக்கரப்பத்தனைப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மேல்மாடியில், பட்டப்பகலில் வீடியோ எடுத்தோம். கேமராக்காரர் கல்யாண வீடியோ எடுக்கிறவர். சேவியர் டிரம்ஸையும் கொண்டுவந்து வைத்தான். அடிக்க ஆளில்லாமல் அது எதற்கு என்றேன்.

"அது மணியத்தோட எடம்டா. சும்மாவாச்சும் இருக்கட்டும்" என்றான் சேவியர்.

கேசட்டை ஓடவிட்டு, வாசிப்பதுபோல நடித்தோம். நடுவில் நான் ஈரப் பலகையில் வழுக்கி மல்லாந்து விழுந்தேன். அதை அழித்துவிட்டு மறுபடி எடுத்தோம்.

நுவரெலியாவில் கேமராக்காரரின் கடையில் போட்டுப் பார்த்தபோது, நம்பினால் நம்புங்கள், எங்களுக்குப் பின்னால் டிரம்ஸின் சிம்பல் தட்டு பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் சரியாக அதிர்கிறது. பாட்டு முடிந்ததும் மெல்ல ஆடி ஓயவில்லை, யாரோ கையால் பிடித்ததுபோல டக்கென்று நின்றது.

"பலக ஆடியிருக்கும் தம்பி" என்ற கேமராக்காரர் உடனே டிவியை அணைத்துவிட்டார்.

சேவியர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாத்தியா, வந்துட்டான்."

நான் நினைத்தது வேறு. மணியம் செத்துப்போய்விட்டானோ?

சாகவில்லை. சில வருடங்கள் கழித்துக் கோத்தகிரியில் அவனைத் தேடிக் கண்டுபிடித்தேன். அங்கேயும் தேயிலை, அங்கேயும் தோட்ட வேலைதான். கட்டிப்பிடித்து அழுதோம். வீடியோ பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவனாகவே கேட்டான்:

"அன்னிக்கு ஸ்டோர்ல வழுக்கி வுழுந்தியே, முதுகு சரியாப் போச்சா?"

இலங்கையிலிருந்து வந்தவர்களை முதலில் தங்கவைக்கும் மண்டபம் முகாமில் அன்று காய்ச்சலோடு படுத்திருந்தவன், கனவில் வந்து எங்களோடு வாசித்தானாம். அதைக்கூட நான் ஏற்றுக்கொண்டேன். அவ்வளவு பாசமாக இருந்தோம், மனசு கடலைத் தாண்டி வந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் நான் பஸ் ஏறும்போது ஜன்னலோரம் வந்து இன்னொன்று கேட்டான்.

"ஏன்டா, எம்பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டே ஒரு அம்மா தாளம் போட்டாங்களே, நீங்க யாருமே அவுங்ககிட்ட ஒரு வார்த்த பேசலியே?"

அன்று அந்த மாடியில் நானும் சேவியரும் கேமராக்காரரும்தான் இருந்தோம்.