சகாயம்மாள் சொல்லாத பதில்

உறையூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சகாயம்மாளின் ஜெராக்ஸ் கடை. கணவர் அமிர்தசாமி இறந்த பிறகு பத்தொன்பது வருடமாகத் தனியாளாக நடத்துகிறார். ஆதார், வீட்டுப் பத்திரம், ஸ்கேன் ரிப்போர்ட் என்று அந்தப் பக்கத்து ஜனங்களின் தாளெல்லாம் அவர் கைவழியாகத்தான் போகும்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு அங்கேதான் நகல் எடுத்தேன். ஒரு நகலில் மை தீற்றிவிட்டது. அதை எட்டாகக் கிழித்துப் போட்ட பிறகே அடுத்ததை எடுத்தார். வேறு கடையாக இருந்தால் அது வடை மடிக்கப் போயிருக்கும்.

பிறகு சட்டம் படித்தபோது, அந்தரங்கமும் அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமைதான் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னதை அவரிடம் பெருமையாக விளக்கினேன்.

“இதைச் சொல்ல ஒன்பது பேரா தம்பி?” என்று சிரித்தார்.

போன ஆவணியில் நான் கடையில் இருந்தபோது மண்ணச்சநல்லூரிலிருந்து சின்னையன் என்பவர் வந்தார். அடுத்த தெரு யமுனாவை அவருடைய அக்கா மகனுக்குப் பேசியிருந்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் கடை கடையாக விசாரிப்பது வழக்கம்தானே.

“அந்தப் பொண்ணு ஏதோ ஆஸ்பத்திரி ஃபைலை இங்க ஜெராக்ஸ் எடுத்துச்சாமே. உடம்புக்கு என்னம்மா?”

“யார் என்ன எடுத்தாங்கன்னு நான் சொல்றதில்லைங்க.”

“அப்ப ஏதோ இருக்கு.”

“நாளைக்கு உங்களைப் பத்தி யாராச்சும் கேட்டாலும் இதே பதில்தாங்க.”

“என்னைப் பத்தி என்னம்மா இருக்கு?” முகம் சுருங்கக் கிளம்பிவிட்டார்.

இரண்டு நாளில் கல்யாணப் பேச்சு நின்றது. யமுனா நேராகக் கடைக்கு வந்தாள்.

“ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமாக்கா?”

“உனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு, நாளைக்கு இன்னொருத்திக்கு வாயை மூடினா, அவ கதி என்னடி?”

யமுனாவின் கண் நிறைந்தது. எனக்கும் சகாயம்மாள் மேல் கோபம்தான். உரிமை எல்லோருக்கும், அதற்கான விலை மட்டும் இவளுக்கா? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் யமுனா போனை எடுத்துவிட்டாள்.

“மாப்பிள்ளைகிட்ட நானே பேசிக்கிறேன். சொல்லணும்னா நான்தானே சொல்லணும்.”

சகாயம்மாள் அவளை உள்ளே ஸ்டூலில் உட்காரவைத்தார். வெற்றுத்தாளை மெஷினில் அடுக்கி ஓடவிட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, முதுகைக் காட்டி நின்றார். மெஷின் இரைச்சலில் எங்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை.