ஸ்டெல்லா அக்கா எழுதிய ‘கல்’

திருமுல்கேரியில் என் அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தின் சமையலறை ஸ்டெல்லா அக்காவின் பொறுப்பு. கணவர் போனபின் அவருக்கு வீடு, வாசல் எல்லாமே அந்த அடுப்படிதான். யாருக்குச் சர்க்கரை, யாரால் விழுங்க முடியாது என்பது கேட்காமலே தெரியும். மெல்போர்னிலிருந்து நான் போனில், அப்பா சாப்பிட்டாரா என்று அவரை நச்சரிப்பேன்.

"ஹவ் தம்பி, ஆமா, சாப்பிட்டார். நீங்க சாப்பிட்டீங்களா, இல்ல கவலையத்தான் தின்னுட்டிருக்கீங்களா?"

மிஞ்சியதை டப்பாவில் போட்டு, மேலே சீட்டு ஒட்டித்தான் ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும். தேதி போடச் சொல்லியிருந்தார்கள். அக்கா தேதிக்குப் பதில் ஒரு சொல்தான் எழுதுவார். கூட வேலை செய்பவர்களில் ஒருவருக்குத் தெலுங்கு, இன்னொருவருக்கு உருது. எல்லோருக்கும் புரியட்டுமே என்று இந்திச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார். நேற்று மிஞ்சியது, கொட்டவேண்டியது என்றால் ‘கல்’.

இந்தியில் நேற்றும் கல்தான், நாளையும் கல்தான்.

ஒரு சனிக்கிழமை, மறுநாள் குப்பை வண்டிக்குப் போகவேண்டிய குழைந்த சாதத்தில் அந்தச் சீட்டு இருந்தது. புதிதாகச் சேர்ந்த சமையல்காரர் விஸ்வநாத், நாளைக்காக எடுத்துவைத்தது என்று நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தபோது அதைச் சுடவைத்து அப்பாவுக்குக் கொடுத்தார். சாயங்காலம் அப்பா ஆஸ்பத்திரியில், கையில் டிரிப்ஸ்.

மேனேஜர் ஜெகதீஸ்வரன், விஸ்வநாத்தை அனுப்பிவிடலாம் என்றார்.

"அவன் படிச்சது தப்பில்ல சார். எழுதினது என் கை" என்றார் அக்கா.

"சரிம்மா, இனிமே தேதி போடுங்க. கிச்சன் உங்களுதுதான்."

தேதி போட்டார். ஆனால் போட்டது சரியா என்று காலண்டரைப் பார்க்கப் போவார். திரும்பி வருவதற்குள் கஞ்சி அடிபிடித்திருக்கும். காலையில் வடித்த சாதத்தையே மோந்து மோந்து பார்த்து, கடைசியில் கொட்டிவிடுவார். ஒருநாள் மொத்தச் சமையலும் தொட்டிக்குப் போனது. பெரியவர்கள் பிரெட் சாப்பிட்டார்கள். மறுநாள் அக்காவே போய்த் துணி துவைக்கும் அறைக்கு வேலை மாற்றிக் கேட்டார்.

அப்பா பாதியாக இளைத்துத் திரும்பி வந்தார். அடுப்படிக்கே திரும்பிவிடுங்கள் என்று அக்காவிடம் போனில் கெஞ்சினேன்.

"நக்கோ தம்பி, வேணாம். பெட்ஷீட்ல நான் என்ன எழுதினாலும் யாரும் சாகமாட்டாங்க."

சாப்பாட்டு நேரத்தில் அப்பா கூடத்துக்குப் போவதில்லையாம். துணி அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார் என்று விஸ்வநாத் சொன்னார். அக்கா அவருக்கு முதுகைக் காட்டியபடி விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறாராம்.