வடக்கே போன தீப்பெட்டி

நான் வரைகிற எல்லாப் படத்திலும் ஏதாவது ஒரு மூலையில் அது நிற்கும். வெள்ளாட்டுக் காது, பானை வயிறு, உடம்புக்குச் சற்றும் பொருந்தாத இரண்டு பெரிய கால்கள். புத்தக அட்டையென்றாலும் துணிப்பையென்றாலும் என் கையெழுத்துக்குப் பதில் அதுதான். இது கரடியா, முயலா, எதைப் பார்த்து இப்படியொரு மாஸ்காட் வைத்தீர்கள் என்று சென்னையில் கேட்பார்கள். மழை பெய்த மறுநாள் எங்கள் ஊரில் நடந்து பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பேன்.

கோவில்பட்டியில் எங்கள் தெருதான் கடைசி. அதைத் தாண்டினால் கரிசல் காடு. ஐப்பசியில் நாலு தூறல் விழுந்தால் போதும், அந்த மண் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாது. பள்ளிக்கூடத்திலிருந்து குறுக்கு வழியில் வீடு வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு யானைக்குட்டிக் கால் முளைத்திருக்கும். மூன்றாம் வகுப்பில் அப்படி ஒருநாள் வந்து நின்றேன். "உள்ள வந்தே, காலை ஒடிச்சிருவேன்" என்று அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். நின்ற நேரத்தில் ஈரக் கரிசலைத் தொட்டுச் சுவரில் வரைந்ததுதான் அது. கோபத்தில் வரைந்ததால் கால் மட்டும் பெரிதாக வந்தது. அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் மாமா வந்து பார்த்துவிட்டு, அதை அழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மாமா அம்மாவின் தம்பி. அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். தீப்பெட்டி அட்டை அச்சடிக்கும் இடத்தில் கம்ப்யூட்டரில் லேபிள் படம் போடுவது அவர் வேலை. பம்பரம், ஏணி, பூசணிக்காய் என்று முதலாளிமார் கேட்டதையெல்லாம் போட்டுக் கொடுப்பார். தன் இஷ்டத்துக்கு அவர் ஒரு படம் வரைந்து நான் பார்த்ததேயில்லை. அதனால்தானோ என்னவோ, என் படத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். இது லேபிளாக வரவேண்டிய முகம் என்றார். நான் பிடித்துக்கொண்டேன். காலையில் எழுந்தால் அதே பேச்சு, சோற்றில் கை வைத்தால் அதே பேச்சு. தொல்லை பொறுக்காமல், புது லேபிள் தேடிக்கொண்டிருந்த ஒரு தீப்பெட்டி முதலாளியிடம் என்னையும் படத்தையும் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனார்.

முதலாளி நல்ல மனிதர். எனக்கு ஒரு கடலைமிட்டாய் கொடுத்தார். படத்தைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. நம்ம பெட்டியெல்லாம் வடக்க போவுது. அங்க உள்ளவன் கடையில போயி ஏணி குடுன்னு கேப்பான், பம்பரம் குடுன்னு கேப்பான். இதை என்னன்னு கேப்பான்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

"சரி, பாப்போம்" என்று முதலாளி படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் வியாபாரிகள் 'பார்ப்போம்' என்றால் காரியம் அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்குத் தெரியாது. பார்ப்போம் என்றால் பார்ப்பார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த கையோடு தெரு முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று. என் படம் தீப்பெட்டியில் வரப்போகிறது, முதலாளியே சொல்லிவிட்டார். பள்ளியில் டீச்சர் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். மாமா என்னைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன நினைத்தாரோ, தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அந்த லேபிளுக்கு முதலாளி கத்தரிக்காயைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மாமா சட்டைப்பை புடைக்க வந்தார். தீப்பெட்டிகள். மஞ்சள் அட்டையில் என் கறுப்பு ஆள், இரண்டு காலையும் பரப்பிக்கொண்டு! எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது சொல்லக்கூடத் தெரியவில்லை. தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன். எல்லோரும் புதிதாய்ப் பார்ப்பதுபோலக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒருத்தரும் அதில் குச்சி உரசவில்லை.

பிறகு நான் கடை கடையாகப் போய்க் கேட்க ஆரம்பித்தேன். எங்கும் இல்லை. மாமாவிடம் சண்டைக்குப் போனேன்.

"ஏட்டி, அதெல்லாம் வடக்க போவுது. இங்கன எப்படிக் கிடைக்கும்?" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் எதிர்வீட்டுக்காரர் வடக்கே லாரி ஓட்டுகிறவர். ஊரே அவரை டிரைவர் அண்ணாச்சி என்றதால் நானும் அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். அடுத்த நடை அவர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது, என் பெட்டியை எங்காவது பார்த்தால் வந்து சொல்ல வேண்டும் என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்தபோது மாமா குளித்துவிட்டு வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி நேரே என்னிடம் வந்தார்.

"பாத்தேன் தாயி. நாக்பூருக்கு அங்கிட்டு ஒரு டீக்கடை. ஒருத்தன் வந்து 'படா பைர்' குடுன்னு கேக்கான். படா பைருன்னா பெரிய காலுன்னு அர்த்தம். என்னடான்னு எட்டிப் பாத்தா, பெட்டியில ஒன் ஆளு நிக்கான்!"

நான் குதித்த குதியில் புழுதி பறந்தது. மாமா தலை துவட்டுவதை நிறுத்தினார். அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தண்ணீர்க் குடத்துப் பக்கம் போய் மொண்டு முகம் கழுவினார். எப்போதாவதுதான் தண்ணீர் வருகிற ஊர் எங்கள் ஊர். ஒரு செம்பு கூடுதலாகச் செலவானால் வீட்டை இரண்டாக்குகிற அம்மா, குளித்த முகத்தை அவர் மறுபடி கழுவியதைப் பார்த்தும் சும்மா இருந்தாள். தன் பம்பரத்தையும் ஏணியையும் விட என் படம் பிரபலமாகிவிட்டதே என்று மாமாவுக்குப் பொறாமை, அவ்வளவுதான் என்று நான் முடிவு செய்தேன்.

என் ஆளுக்குப் படா பைர் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

கல்லூரியில் டிசைன் படிக்கையில் ஓர் அச்சகத்துக்குக் கூட்டிப்போனார்கள். பெரிய அட்டையில் லேபிள்கள் வரிசையாக விழுவதையும், ஓரத்தை வெட்டிக் கழிவில் போடுவதையும் அங்கே பார்த்தேன். சட்டென்று என் பெட்டியின் மஞ்சள் நினைவுக்கு வந்தது. அது கத்தரிக்காய் லேபிளின் மஞ்சள். கழிகிற அந்த ஓரத்தில்தான் மாமா என் ஆளை நிற்க வைத்திருக்கிறார். முதலாளி கண்ணில் பட்டிருந்தால் வேலை போயிருக்கும். மெஷின்காரருக்குத் தெரியாமல் அச்சாகியிருக்காது, வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை படாமல் பெட்டியாகியிருக்காது. தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஆனால் இப்படிச் சொல் என்று டிரைவர் அண்ணாச்சிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் லாரியில் வரும் வழியில் தானாகவே யோசித்து வைத்துக்கொண்டு வந்த கதை அது. தெரிந்துகொண்டதை நான் மாமாவிடம் காட்டிக்கொள்ளவில்லை.

போன மாதம் டெல்லியில் ஒரு கண்காட்சியில் கடை போட்டிருந்தேன். ஒரு சின்னப் பையனோடு வந்தவர், ஸ்டிக்கர்களைக் கைகாட்டி இந்தியில் கேட்டார், "அந்தப் படே பைர்வாலா ஒன்று கொடுங்கள்." நான் அவருக்கு அந்தப் பெயரைச் சொல்லவேயில்லை. கடையில் எங்கும் எழுதியும் வைக்கவில்லை. அங்கேயே நின்று மாமாவுக்குப் போன் போட்டேன்.

"போ ட்டி, சும்மா சொல்லாத" என்றார்.

"நெசமாத்தான் மாமா. அவராத்தான் கேட்டாரு."



"நீயும் டிரைவர் அண்ணாச்சி மாதிரியே சொல்லுதியே ட்டி" என்றார் மாமா. "இரு, வாரேன்."

போனை எங்கோ வைத்தார். குடத்தில் செம்பு மோதுகிற சத்தம் கேட்டது.