பனியில் விழுந்த கதை

எங்கள் தெரு முனையில் நேற்று ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். மளிகைக்கடைக்காரர் மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாளாம். கோட்டு போட்டுக்கொண்டு விமானத்துக்கு முன்னால் நிற்கிறாள். கோட்டும் விமானமும் ஸ்டூடியோவில் சேர்த்தது, எனக்குத் தெரியாதா. பால் வாங்கப் போனவள் அதன் கீழே கொஞ்சம் நின்றுவிட்டேன். புது ஃப்ளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டு, மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்த மாதிரி. 

என் மகள் கல்பனா ஜெர்மனிக்குப் படிக்கப் போனபோதும் இதே அண்ணனூரில் இப்படித்தான் கட்டினார்கள். அவள் போன பிறகு அவள் அப்பா அதை அவிழ்த்து வந்து குளியலறைக்குக் கூரையாகப் போட்டுவிட்டார். நான் குளிக்கும்போதெல்லாம் மகள் மேலிருந்து சிரித்துக்கொண்டிருப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கும், யாரிடம் சொல்வது.

முதல் வருஷம் முடிந்து லீவுக்கு வந்தாள். அவள் கொண்டுவந்த சாக்லேட்டுக்கே பாதித் தெரு கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. நான் அஞ்சாங்கிளாஸ்காரி, நாலு பேர் முன்னால் வாய் வராது. டீ போடுகிற சாக்கில் அடுப்படியிலேயே நின்று காது கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு சரசு அக்கா கேட்டாள். "பனி எப்டி கீது கல்பனா? நல்லா சொல்லு."

கல்பனா கொஞ்சம் யோசித்தாள். "ஒரு நா காலேஜுக்குப் போவ சொல்ல வழுக்கி உழுந்துட்டேன்க்கா. ஒரு வயசான அம்மா கை குடுத்துத் தூக்கிச்சு. எழுந்துட்டேன், ஆனா அந்தம்மா கைய உட முடியல. புட்சிக்கினே நின்னேன். என்னைத் தொட்டு ஒருத்தர் பேசி எத்தினி மாசம் ஆச்சுன்னு அப்பத்தான்…"

சரசு அக்கா குறுக்கே புகுந்தாள். "அத்த உடுமே. பனிய வாய்ல போட்டா ஐஸ்கிரீம் மாதிரி கீமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வடிகட்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

சாயந்திரம் என் நாத்தனார் வந்தாள். கல்பனா அவளுக்குச் சொன்னபோது, விழுந்தாளாம், ஒரு அம்மா தூக்கிவிட்டாளாம், அவ்வளவுதான். மறுநாள் ஆவடியிலிருந்து வந்தவர்களுக்குச் சொன்னபோது அந்த அம்மாவே இல்லை. விழுந்தாளாம், எழுந்தாளாம், உருண்டை பிடித்து விளையாடினாளாம். அந்தக் கதைதான் எல்லோருக்கும் பிடித்தது. சாக்லேட் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திருப்தியாகப் போனார்கள். உடம்பு நல்லா இருந்ததா, யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று ஒரு வாய் கேட்கவில்லை.

கூட்டம் போன பிறகு தலைவாரி விடும்போது நான் மெதுவாகக் கேட்டேன்.

"அந்தம்மா கையப் பத்தி இன்னாவோ சொல்ல வந்தியே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இழுக்காத, வலிக்குது."

நான் இழுக்கவே இல்லை.

இப்போது அவளுக்கு அங்கேயே வேலை, குடித்தனம் என்று ஆகிவிட்டது. போன முறை வந்தபோது தன் பிள்ளைக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். விழுந்தேன், எழுந்தேன், உருண்டை பிடித்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"உன்ன ஒரு அம்மா தூக்கி உட்டுச்சேடி."

"யாரும்மா?" என்றாள். பொய் முகம் இல்லை அது, எனக்குத் தெரியும். "நானாத்தான் எழுந்தேன். நீ வேற எத்தையோ நெனச்சிக்கினு கீற."

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்படி ஒரு கை இருந்தது என்று சொல்ல இனி நான் ஒருத்திதான். நான் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்.