கிராணாவின் இதயம் எந்தப் பக்கம்

ஜாவாவின் யோக்யகர்த்தா நகரில் வெனிங்கைப் போல இன்னொரு பயந்தாங்கொள்ளி பிறக்க வந்திருந்தால், வாசலிலேயே பயந்து திரும்பிப் போயிருப்பாள். மெராபி எரிமலை ஒருமுறை உறுமியபோது இவள் போட்ட கூச்சலில் மலையே வாயை மூடிக்கொண்டது என்று அவள் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். பல்லி, இடி, லிஃப்ட், இதய அறுவை மருத்துவர் சுலஸ்த்ரி, எல்லாமே அவளுக்குப் பயம். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, பிள்ளைகளின் இதயம் செய்வது.

ஸ்கேனில் இதயம் வெண்டைக்காய் நறுக்கினாற்போல வில்லை வில்லையாக வரும். வெனிங் அவற்றைக் கணினியில் அடுக்கி முழு இதயமாக்குவாள். கூட வேலை பார்க்கும் பாகாஸ் அதைப் பிளாஸ்டிக்கில் அச்சிடுவான். அதை உருட்டிப் பார்த்துத்தான் சுலஸ்த்ரி எங்கே வெட்டுவது என்று தீர்மானிப்பார்.

இதற்கான மென்பொருள் இலவசம். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள், ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்வாருவது போல, ஆளுக்கொரு கை கொடுத்து அதைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். அதில் ஒரு பழைய கோளாறு உண்டு. அச்சுக்கு அனுப்பும்போது, கண்ணாடியில் தெரிவது போல, இடம் வலமாகிவிடும். வெனிங் ஒவ்வொரு முறையும் கையால் திருப்பிப் போட்டுவிடுவாள். யோசிக்கவே வேண்டாம், விரல் தானாகச் செய்யும்.

அன்று காலை ஆஸ்பத்திரி எதிரே குடெக் என்னும் பலாக்காய்க் கறி சாப்பிட்டுக்கொண்டே, மென்பொருள்காரர்கள் பேசிக்கொள்ளும் பக்கத்தைக் கைபேசியில் புரட்டினாள். யாரோ எழுதியிருந்தார்: 'புதிய பதிப்பில் இடவலக் கோளாறு தீர்ந்தது. இனி யாரும் கையால் திருப்ப வேண்டாம்.'

வெந்த பலாக்காய் தொண்டையிலேயே நின்றது. புதிய பதிப்பைப் போன வாரமே போட்டாயிற்று. கிராணா என்ற குழந்தையின் இதயத்தை அதில்தான் செய்தாள். திருப்பவும் செய்தாள்.

உடனே பாகாஸைக் கைபேசியில் அழைத்தாள். "பாகாஸ், அந்தக் குழந்தைக்கு ஆபரேஷன் எப்போ?"

"இப்பதான் உள்ள கூட்டிட்டுப் போறாங்க. ஏன்க்கா, மறுபடியும் பல்லியா?"

"இதயம் இடம் வலம் மாறிப்போச்சுடா!"

"மாறியிருந்தா டாக்டரம்மாவுக்குத் தெரியாதா? சும்மா இரு. போன மாசம் நீ கத்தின கத்துல ஒரு ஆபரேஷனே நின்னுச்சு. கடைசில ஒண்ணுமே இல்ல. இன்னொரு தடவை போனா உன்னைத் தூக்கிருவாங்க."

வேறு குழந்தையாக இருந்தால் சுலஸ்த்ரிக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். கிராணாவின் இதயமோ இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல் நெஞ்சின் நடுவில், முறுக்குப் பிழிந்தது போலச் சுற்றிக் கிடந்தது. அதற்கு இதுதான் இடம் என்று யாரால் சொல்ல முடியும்?

வெனிங் ஓடினாள். லிஃப்டுக்குப் பயந்து படியில் ஓடினாள். சுலஸ்த்ரி முழங்கை வரை நுரையோடு கை கழுவிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? இன்னைக்கு என்ன, எலியா பேயா?"

"டாக்டரம்மா, நான் குடுத்த இதயம்... திரும்பியிருக்கு. மென்பொருளே சரி பண்ணிட்டதை நான் மறுபடி திருப்பிட்டேன்."

"நிச்சயமா?"

"தெரியல. பயமா இருக்கு."

"உனக்கு எப்பத்தான் பயமில்ல?" என்றார் சுலஸ்த்ரி. ஆனால் குழாயை மூடிவிட்டார். "ஸ்கேனைத் திற."

திரையில், சாதாரணமாக யாருக்கும் இருக்காத ஒரு மெல்லிய இரத்தக்குழாய், இடப்பக்கமாக இறங்கியது. பிளாஸ்டிக் இதயத்தில் அதே குழாய் வலப்பக்கம் இறங்கியது. சுலஸ்த்ரி திட்டவில்லை.

"இன்னைக்கு ஆபரேஷன் இல்ல. குழந்தையோட அப்பாகிட்ட நீயே போய்ச் சொல்லு."

அப்பா வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். வெனிங் தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரித்தார். ஜாவாக்காரர் கோபத்தையும் சிரிப்பில்தான் மடித்துக் கொடுப்பார். அறைந்திருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"பரவால்லம்மா," என்றார் மெதுவாக. "நாளைக்குக் குடுக்கற இதயம் என் புள்ளையோடதுதானே?"

மறுபடி செய்தாள். ஸ்கேனோடு ஒப்பிட்டாள், பாகாஸை ஒப்பிடச் சொன்னாள், அவன் கொட்டாவி விட்டதும் காபி வாங்கிக்கொடுத்து இன்னொரு முறை ஒப்பிடச் சொன்னாள்.

மறுநாள் சுலஸ்த்ரி அவளையும் பிளாஸ்டிக் இதயத்தோடு அறுவை அறைக்குள் நிற்க வைத்தார். விளக்கொளியில் கிராணாவின் சின்ன நெஞ்சு திறந்தது. வெனிங் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சொல்லு, அந்தக் குழாய் எந்தப் பக்கம்?"

"இடது."

கருவிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"இடதுதான்," என்றார் சுலஸ்த்ரி. "கண்ணைத் திறந்து அந்த இதயத்தை இன்னும் கிட்டக் காட்டு. வேலையை ஆரம்பிக்கணும்."

வெனிங் கண்ணைத் திறந்தாள். கை நடுங்க, பிளாஸ்டிக் இதயத்தை விளக்குக்குக் கீழே நீட்டினாள்.

"ஆட்டாதம்மா," என்றார் சுலஸ்த்ரி.