அச்சாகாத நாவல்களுக்கு முப்பத்தெட்டுக் கையெழுத்து

"இன்னும் கடைக்கே வராத ஒரு கதைப் புத்தகத்துக்காக யாராவது தன் வேலைக்குத் தானே உலை வைத்துக்கொள்வார்களா?" இதெல்லாம் நடந்தபோது ஒருவர் என்னிடம் கேட்டார். அப்போது பதில் தெரியவில்லை. இப்போதும் ஒரே வரியில் சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில், சலவைப் பிரிவை ஒட்டி, துணி மடிக்கும் அறை இருக்கிறது. நீராவியும் சோப்பு வாடையும் கலந்த அந்த அறையில் பதினெட்டு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவர் லிஸ்ட்டக்கா. சம்பளப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

மாதம் பிறந்தால் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுவார். அடுத்த மாதம் வரப்போகும் நாவல்கள், எழுதியவர் பெயர், கதை எதைப் பற்றியது என்று ஒரு வரி. பதிப்பகத்து விளம்பரங்களையெல்லாம் கைபேசியில் துருவித் துருவி எடுத்த விவரம். வேண்டியவர்கள் பக்கத்தில் கையெழுத்துப் போடலாம். பத்து உறுப்பினர்கள் எழுத்து மூலம் கேட்டால் ஊர் நூலகம் அந்தப் புத்தகத்தை வாங்க மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்பது விதி. நூலகச் சுவரில் பலகையே தொங்கியது. ஆறு வருடமாக அங்கே வந்த புது நாவல்களில் பாதி, இந்த அலமாரிக் கதவு வழியாக வந்தவைதான்.

எதிரே நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் பெண்ணுக்கு வானொலி என்று பெயர். காலையில் வாயைத் திறந்தால் ஷிஃப்ட் முடிந்துதான் மூடுவாள்.

"அக்கா, ஊரெல்லாம் படிச்சு நல்லாருக்குன்னு சொன்ன பழைய புத்தகம் ஆயிரம் கிடக்குது. பொறக்காத புள்ளைக்குத் தொட்டில் கட்டற மாதிரி, வராத புத்தகத்துக்கு எதுக்கு லிஸ்ட்டு?"

"பழசுல எனக்கு முன்னாடியே எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்கடி. டாக்டர் படிச்சிருப்பாரு, வாத்தியார் படிச்சிருப்பாரு, முடிவையும் சொல்லிடுவாங்க. புதுசுல அவங்களும் முதல் பக்கம், நானும் முதல் பக்கம். எட்டாவதோட நின்னவ வேற எங்க போய் அவங்களுக்குச் சமமா நிக்கறது?"

வானொலி அடுத்த விரிப்பை உதறிப் பிடித்தாள்.

இந்த வருடம் நூலகத்துக்குப் புது அலுவலர் வந்தார். மூன்று நாவல்களைக் கேட்டு லிஸ்ட்டக்கா நீட்டிய தாளை மேலும் கீழும் பார்த்தார். ஒன்று கலங்கரை விளக்கத்தில் வளர்ந்த ஒரு பெண்ணின் கதை. இன்னொன்று பேருந்து நடத்துநர் ஒருவர் எழுதிய முதல் நாவல். மூன்றாவது, காணாமல் போன தன் அக்காவைத் தானே தேடிக் கிளம்பும் செவிலியின் கதை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் போட்டி போட்டுக் கையெழுத்துப் போட்டது அதற்குத்தான்.

"இந்த வருஷம் கதைப் புத்தகம் வாங்கறதா இல்லம்மா. பரீட்சைக்குப் படிக்கற புத்தகம் மட்டும்தான். துணி மடிக்கறவங்க கதை படிச்சு என்ன கிழிக்கப் போறீங்க?"

"மேலிடத்து உத்தரவா சார்?"

"நான்தான் சொல்றேன்."

தாளைக் கசக்கிக் காலடியில் இருந்த கூடையில் போட்டார்.

லிஸ்ட்டக்கா வீட்டுக்கு நடந்தார். கூடையில் கசக்கிப் போட முடியாததில் எழுதிக் கொடுத்தால் என்ன செய்வார் என்ற யோசனை மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் இடைவேளையில், கிழிந்த விரிப்புகளின் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி மேசையில் விரித்தார். துணியில் வார்டு எண் எழுதும் அழியாத மையை எடுத்து மூன்று நாவல்களையும் உள்ளங்கை அகல எழுத்தில் எழுதினார். மூன்று நாளில் சலவைக்காரர்கள், ஆயாக்கள், வார்டு செவிலிகள் என்று முப்பத்தெட்டுப் பேர் உறுப்பினர் எண்ணோடு கையெழுத்துப் போட்டார்கள். இஸ்திரி இயந்திரக்காரர் மட்டும், "எனக்குப் படிக்கப் பிடிக்காது. ஆனா அந்த ஆளுக்கு எரியும்னா ரெண்டு கையெழுத்துப் போடறேன்" என்றார். ஒன்றுதான் போட விட்டார்கள்.

சனிக்கிழமை நூலக மேசைமேல் விரிப்பு விழுந்தது. அலுவலரின் பேனா, கண்ணாடி, தேநீர்க் கோப்பை எல்லாம் அதற்கடியில் போயின.

"என்னம்மா இது?"

"எழுத்து மூலமா கேக்கணும்னு பலகையில போட்டிருக்கு சார். கேட்டிருக்கோம். வாங்கிக்கிட்டதா முத்திரை போடுங்க."

"முதல்ல இதை மடிங்க."

"பதினெட்டு வருஷமா மடிக்கறேன் சார். இன்னைக்கு மடிக்கறதா இல்ல."

புத்தகம் திருப்ப வந்தவர்களின் வரிசை வாசல் வரை நீண்டது. பின்னாலிருந்து ஒருவர், "முத்திரையப் போட்டுத் தொலைங்க சார், பஸ் போயிடும்" என்றார். அலுவலர் பல்லைக் கடித்துக்கொண்டு தேதியோடு குத்தினார். முத்திரை விழுந்த விண்ணப்பத்தை மேலிடத்துக்கு அனுப்பாமல் இருக்க முடியாது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் லிஸ்ட்டக்கா ஒரு தப்புச் செய்திருந்தார். கழித்த விரிப்பு என்றால் சலவைப் பிரிவு சூப்பர்வைசர் அதன் ஒரு மூலையை வெட்டியிருப்பார். அந்த மூலையை வைத்துத்தான் இருப்பிலிருந்து நீக்குவார்கள். கோபத்தில் அவர் உருவியது, வெட்டுக்குக் காத்திருந்த அடுக்கிலிருந்து. கிழிசல்தான், ஆனாலும் இருப்பில் இருந்தது. திங்கட்கிழமை ஒன்று குறைந்தது.

"எங்க போச்சு?" என்று சூப்பர்வைசர் கேட்டு முடிப்பதற்குள் லிஸ்ட்டக்கா சொல்லிவிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள கொண்டு வந்து வை. நான் பாக்காத மாதிரி இருந்துடறேன். இல்லன்னா மெமோதான். இந்த வயசுல உனக்கு இது தேவையா?"

நூலகத்தில் அலுவலரின் முகம் மலர்ந்தது. "தாராளமா எடுத்துட்டுப் போங்க. எடுத்தா விண்ணப்பம் ரத்து. அவ்வளவுதான்."

கூட வந்திருந்த வானொலி கையைப் பிடித்து இழுத்தாள். "எடுத்துக்க அக்கா. வேலை போச்சுன்னா எந்தக் கதை வந்து சோறு போடும்?"

லிஸ்ட்டக்கா விரிப்பை நெஞ்சோடு சேர்த்து எடுத்தார். முப்பத்தெட்டுப் பெயர்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு இடுப்புப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, எழுத்தில்லாத மூலையை ஒரே வெட்டாக வெட்டிக்கொண்டு, மீதியை மேசையிலேயே வைத்தார்.

அந்தத் துண்டு சூப்பர்வைசர் முன்னால் போய் உட்கார்ந்தது.

"இதை வெட்டற அதிகாரத்தை உனக்கு யார் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல சார். அதுக்குத்தான் மெமோவை எழுதுங்கன்னு நிக்கறேன்."

மெமோ வந்தது. விளக்கம் கேட்டிருந்த இடத்தில் லிஸ்ட்டக்கா எழுதியது இவ்வளவுதான்: "விரிப்பை எடுத்ததும் வெட்டியதும் நான்தான். இருப்பில் உள்ளது என்று தெரியாமல் எடுத்தது தவறு. கேட்டது தவறில்லை. மறுபடியும் கேட்பேன்." அழுக்குத் துணி பிரிக்கும் பிரிவுக்கு ஆறு மாதம் மாற்றினார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய வேண்டிய இடம். போன முதல் நாளே அங்கிருந்த கதவில் அடுத்த மாதத் தாளை ஒட்டினார். அது வரை நூலகப் பக்கமே போகாத நான்கு பேர் அந்த வாரம் உறுப்பினர் ஆனார்கள்.

மூன்று நாவல்களில் இரண்டுக்கு அனுமதி வந்தது. செவிலியின் கதை வந்துவிட்டது. அதற்கான காத்திருப்பு வரிசையில் லிஸ்ட்டக்கா ஒன்பதாவது ஆள். நடத்துநரின் நாவலுக்கு மட்டும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

இதைப் படித்தவர்கள் இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். உங்கள் ஊர் நூலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் காதில் விழுகிற மாதிரி சொன்னால் இன்னும் நல்லது.