மூக்குக்குள் போன உளுந்து

கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லின் குழந்தைகள் காப்பகத்தில் பதினெட்டு வருடம் டீச்சராக இருந்தேன். அதில் நான் பயந்து நடுங்கிய நாள் ஒன்று உண்டு.

பிளாஸ்டிக் பொம்மையை விட, ஊரில் விளைவதைத் தொட்டு விளையாடினால் பிள்ளைகளுக்கு நல்லது என்று ஒரு பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அகலமான தாம்பாளத்தில் உளுந்தைக் கொட்டி, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்தேன். அள்ளுவதும் கொட்டுவதும் அந்தச் சத்தத்தைக் கேட்பதுமாக இருந்தார்கள். பதினோரு பிள்ளைகள் இருந்த அறையில் அழுகையே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கைக்குழந்தைக்குப் பால் கலக்கத் திரும்பினேன். அவ்வளவு நேரம்தான்.

இரண்டு வயதுக் கவினா மூக்கைத் தேய்த்துக்கொண்டு அழுதாள். இடது பக்கம் உள்ளே கறுப்பாகத் தெரிந்தது. உதவியாளர் பேச்சியம்மா விரலை விடப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன்; தள்ளினால் இன்னும் உள்ளே போய்விடும். மற்ற பிள்ளைகளைச் சமையல்கார அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் சின்னக் கொக்கி மாதிரி ஒரு கருவியால் உளுந்தை எடுத்துவிட்டு, "நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க. ஊறிப் பெருத்திருந்தா கஷ்டம்" என்றார்.

வெளியே பெஞ்சில் பேச்சியம்மா மெதுவாகச் சொன்னார். "டீச்சர், பிள்ளை வீட்டுலயிருந்தே மூக்குல போட்டுட்டு வந்திருக்குன்னு சொல்லிருவோம். யாரு பாத்தா?"

சொன்னால் நம்பிவிடுவார்கள். அதுதான் என்னை இழுத்தது. அதற்குள் தகவல் தெரிந்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு கவினாவின் அம்மா மாரிச்செல்வி மில்லிலிருந்து வந்துவிட்டாள்.

"எப்படி டீச்சர் போச்சு?"

"நான்தாம்மா உளுந்தக் கொட்டி விளையாட விட்டேன். பாக்காம திரும்பிட்டேன். தப்பு எம்மேலதான்."

அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் கவினா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மேனேஜர் கூப்பிட்டார். "இந்த உளுந்து, தானியம்லாம் வேண்டாம்மா. டிவியப் போட்டு விடுங்க." ஒரு வாரம் அவகாசம் கேட்டு வாங்கினேன். இருந்த பொருளையெல்லாம் தரையில் பரப்பி, தொண்டையில் அடைக்குமா, மூக்குக்குள் சிக்குமா, காதுக்குள் சிக்குமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கினேன். மிஞ்சியது மூன்றுதான்: தோல் உரிக்காத மக்காச்சோளக் கதிர், உடம்பு தேய்க்கிற காய்ந்த பீர்க்கங்கூடு, சலித்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்த கரிசல் மண்.

ஷிப்டு முடிந்ததும் அம்மாக்களை வந்து பார்க்கச் சொன்னேன். மாரிச்செல்வியும் வந்தாள். தரையில் உட்கார்ந்து மண்ணை விரலால் அளைந்து பார்த்தாள். பீர்க்கங்கூட்டைப் பிய்த்துப் பார்த்தாள்.

"பக்கத்துல யாரு இருப்பா?"

"ஒரு ஆளு எந்திரிக்காம இருக்கும். எந்திரிக்கணும்னா தாம்பாளத்தையும் கையோட எடுத்துட்டுத்தான் எந்திரிக்கணும்."

கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு வீட்டுலயிருந்து வந்ததுன்னு நீங்க சொல்லிருந்தா, எங்க அத்தையச் சும்மா விட்டிருக்க மாட்டேன் டீச்சர். அவியதான் காலையில பிள்ளையப் பாக்காவ." பிறகு, "திங்கக்கிழமை கூட்டிட்டு வாரேன்" என்றாள்.

திங்கட்கிழமை கவினா இரண்டு காலையும் மண்ணுக்குள் விட்டுக்கொண்டு மதியம் வரை வெளியே எடுக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னென்ன பொருள் வாங்க வேண்டும் என்று என்னிடம் பட்டியல் கேட்கிறார்கள். முதலில் ஒரே இடத்தில் எழுந்திருக்காமல் உட்காரப் பழகுங்கள் என்கிறேன். தப்பு நடந்துவிட்டால், நடந்ததை நடந்தபடி பெற்றவளிடம் நீங்களே சொல்லுங்கள்.